கலைதலும் கலைத்தலும்: 303ஆம் பிரிவு பற்றிய ஒரு திறனாய்வு

தமிழ் இலக்கணம் பயிலத் தொடங்கும் மாணவன் முதற்கண் அறிந்துகொள்ளும் வேறுபாடுகளுள் தன்வினை, பிறவினை என்பதும் ஒன்று. திருந்தினான் என்பது தன்வினை. திருத்தினான் என்பது பிறவினை. ஒன்று தானே அடையும் மாற்றத்தை முன்னையது கூறும். பிறிதொன்றை மாறச் செய்தலைப் பின்னையது கூறும். வடிவத்தில் இரண்டுக்கும் இடையே உள்ள வேற்றுமை மிகச் சிறிது. மெல்லெழுத்து ஒன்று நின்ற இடத்தில் வல்லெழுத்து ஒன்று வந்து நிற்கின்றது, அவ்வளவே. 'கரு கலைந்தது' என்பதையும் 'கருவைக் கலைத்தாள்' என்பதையும் இவ்வாறே அருகருகே வைத்து நோக்கலாம். வகுப்பறையில் இவ்வேறுபாட்டைப் பிழைபடக் கூறும் மாணவன் ஒரு புள்ளியை இழப்பான். வகுப்பறைக்கு வெளியே, இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையின் முன்னிலையில், அவ்வோர் எழுத்தின் விலை மூன்று ஆண்டுச் சிறை. சில நிலைகளில் ஏழு ஆண்டுச் சிறை.

கருக்கலைப்புப் பற்றி நம்மிடையே நிகழும் விவாதங்கள் பெரும்பாலும் 'ஆகும்', 'ஆகாது' என்ற இரு சொற்களோடு முடிந்துவிடுகின்றன. விவாதிக்கப்படும் சட்டத்தின் வாசகத்தை எடுத்து வைத்துப் படித்தவர் மிகச் சிலரே. சட்டமும் ஒரு நூலே. அதற்கும் ஆக்கியோன் உண்டு, காலம் உண்டு, வழிநூலாயின் முதனூல் உண்டு. ஒரு நூற்பாவை எடுத்துக்கொண்டால், இதனைக் கூறியவர் யார், எக்காலத்திற் கூறினார், யாரை நோக்கிக் கூறினார், எதனைக் கூறாது விடுத்தார் என்றெல்லாம் நம் உரையாசிரியர்கள் வினவுவர். அம்முறையில் 303ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நூல் வரலாறு. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். 1885ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இதன் முதனூல் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். அதற்கு மூலமாய் அமைந்தது மெக்காலேயின் தலைமையிலான ஆணைக்குழு 1837இல் எழுதி முடித்த வரைவு. ஆகவே நம் நாட்டுச் சட்டம் எனப்படும் இது, கல்கத்தாவில் ஆங்கில அறிஞர் வகுத்ததன் வழிநூலாகும். கொழும்பிலே பெண்களுக்கென டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது 1879இல். அம்மனைக்குப் பின் நான்கு ஆண்டுகளில் இப்பிரிவு பிறந்தது. ஒரே தலைமுறை, கருவுற்ற பெண்ணுக்கு ஒரு கையால் மருத்துவ மனையையும் மற்றொரு கையால் சிறைச்சாலையையும் காட்டியது எனலாம்.

இனிப் பிரிவின் பொருள். கருவுற்ற பெண்ணொருத்திக்கு வேண்டுமென்றே கருச்சிதைவு உண்டாக்கும் எவரும், அப்பெண்ணின் உயிரைக் காக்கும் பொருட்டு நல்லெண்ணத்தோடு அதனைச் செய்தாரல்லராயின், மூன்று ஆண்டு வரையான சிறைக்கோ குற்றப்பணத்துக்கோ இரண்டுக்குமோ ஆளாவர். வயிற்றுப்பிள்ளையின் அசைவு உணரப்பட்ட நிலையாயின் தண்டனை ஏழு ஆண்டு வரை உயரும். இதன் கீழே ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டுள்ளது: தனக்குத்தானே கருச்சிதைவு உண்டாக்கிக்கொள்ளும் பெண்ணும் இப்பிரிவினுள் அடங்குவாள். அடுத்துவரும் 304ஆம் பிரிவு, பெண்ணின் இசைவின்றி இதனைச் செய்பவருக்கு இருபது ஆண்டு வரை சிறை விதிக்கின்றது. செயலினாற் பெண் இறந்துபடின் என்னாகும் என்பதை 305ஆம் பிரிவு கூறும்.

இவ்வாசகத்தில் மூன்று இடங்கள் நின்று நோக்குதற்கு உரியன.

முதலாவது, அசைவு உணரப்படும் நிலை என்னும் எல்லை. இது பழைய ஆங்கில வழக்கின் எச்சம். அந்நாட்டில் 1803ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வெல்லையை வைத்தே தண்டனையை வேறுபடுத்தியது. 1837இல் ஆங்கிலேயர் தம் சட்டத்திலிருந்து அதனை நீக்கிவிட்டனர். தம் வீட்டில் வேண்டாவென்று கழித்த அளவுகோலை 1860இல் இந்தியாவுக்கும் 1883இல் இலங்கைக்கும் கொடுத்தனர். அது இன்றும் இங்கே இருக்கின்றது.

இரண்டாவது, 'உயிரைக் காக்கும் பொருட்டு' என்னும் விலக்கு. உடல்நலம், மனநலம், பெண்ணின் வயது, கரு உண்டான விதம் ஆகிய எவையும் இவ்விலக்கினுள் வெளிப்படையாக இடம்பெறவில்லை. இங்கிலாந்தில் 1938இல் போர்ன் என்னும் மருத்துவர், வல்லுறவுக்கு ஆளான பதினான்கு வயதுச் சிறுமிக்குக் கருக்கலைப்புச் செய்து, தாமே அதனை அறிவித்து, விசாரணைக்கு உட்பட்டார். உடலும் உள்ளமும் சிதைந்துபோக விட்டுவிடாமற் காத்தலும் உயிர்காத்தலின் பாற்படும் என்று நீதிபதி யூரருக்கு எடுத்துரைத்தார். மருத்துவர் விடுதலை பெற்றார். 1967இல் அந்நாட்டுப் பாராளுமன்றமே புதுச் சட்டம் இயற்றியது. நம் சட்டக்கோவை இவ்வழிகளில் எதனையும் பின்பற்றவில்லை.

மூன்றாவதும் முதன்மையானதும் அந்த விளக்கம். 303ஆம் பிரிவின் தலைப்பகுதியைப் படிக்கும்போது, பெண் செயப்படுபொருளாக நிற்கின்றாள். வேறொருவர் எழுவாயாக நிற்கின்றார். கருவியோடு வரும் ஓர் அந்நியரை நம் மனக்கண் காண்கின்றது. விளக்கமோ ஒரே வரியில் அப்பெண்ணை எழுவாயின் இடத்துக்குப் பெயர்த்துவிடுகின்றது. தீங்கிலிருந்து காக்கப்பட வேண்டியவளும் தண்டிக்கப்பட வேண்டியவளும் ஒருத்தியே ஆகின்றாள். 1883இல் இவ்வரி ஓர் அருகிய நிலைக்கு இடப்பட்ட பின்னிணைப்புப் போலவே இருந்திருக்கும். இக்காலத்திலோ பிரிவின் முழுப் பளுவும் இவ்வரியின்மீதே வந்து விழுகின்றது. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

அதற்கு முன், நம்மவர் பலர் எழுப்பும் வினாவொன்றுக்கு விடை கூறல் வேண்டும். இச்சட்டம் அந்நியர் தந்ததாயினும் நம் சமயத்தோடு ஒத்துப்போவதன்றோ என்பதே அவ்வினா.

இதனை நேர்மையோடு அணுகுவோர், நம் மரபு கருவை இலேசாக எண்ணியதில்லை என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். கருவை அழித்தல் பெரும்பாவங்களுள் ஒன்றாகத் தருமநூல்களில் வைத்து எண்ணப்பட்டது. மணிவாசகர் போற்றித் திருவகவலிலே, தாயின் வயிற்றில் உயிர் திங்கள்தோறும் எத்தனை இடர்களுக்குத் தப்பி வருகின்றது என்பதை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்கின்றார். அதனை ஓதி வளர்ந்த ஒருவர் கருவைப் பொருளற்ற ஒன்றாகப் பேச முன்வரார். ஆயின் மரபு அவ்வளவோடு நின்றுவிடவில்லை. பாரதத்திலே அசுவத்தாமன் உத்தரையின் வயிற்றுக் கருவை நோக்கிப் படைக்கலம் விடுத்த செயலே இவ்வகைக் கொடுமைக்கு நாம் அறிந்த பேருதாரணம். அங்கே கண்ணன் சபித்தது, தாயின் விருப்பத்துக்கு மாறாக அவள் வயிற்றின்மீது படையெடுத்த ஒருவனை. சட்ட மொழியிற் கூறின் அது 304ஆம் பிரிவின் பாற்பட்ட குற்றம். அக்குற்றத்தைத் தண்டியாதே என்று கூறுவார் எவருமிலர்.

பெரியபுராணத்தில் வேறொரு தாயைக் காண்கின்றோம். சோழ அரசி கமலவதி மகப்பேற்று வேதனையில் இருக்கும்போது, ஒரு நாழிகை தாழ்ந்து பிறப்பின் இம்மகவு மூவுலகும் ஆளும் எனக் காலக்கணிதர் கூறினர். அவள் தன் கால்களைப் பிணித்து மேலே தூக்கச் செய்து, குறித்த நேரம் வரை பேற்றைத் தாங்கினாள். பிறந்த மகவின் சிவந்த கண்ணைக் கண்டு பெயரிட்டு அழைத்து உயிர் நீத்தாள். அம்மகவே கோச்செங்கட்சோழ நாயனார். இவ்வரலாற்றை நாம் உருக்கத்தோடு படிப்பதற்குக் காரணம், அத்துன்பத்தை அவள் தானே தேர்ந்து ஏற்றாள் என்பது. அரசன் கட்டளையிட்டு, காவலர் அவளைப் பிணித்திருப்பின் சேக்கிழார் பாடியிருப்பது வேறொரு கதையாகும். தியாகம் ஒருவர் விரும்பிக் கொடுப்பது. அரசு கேட்டு வாங்குவதற்கு வரி என்று பெயர். தியாகம் என்று பெயரில்லை. நம் சமயம் தாய்மைக்குத் தந்த உயர்வை 303ஆம் பிரிவுக்குச் சான்றாகக் காட்டுவோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். கருவைப் போற்றுக என்பது சமயத்தின் அறிவுரை; போற்றாதவளைச் சிறையிடுக என்பது மெக்காலே வழிவந்த சட்டம். இரண்டும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை.

இனி, முற்கூறிய விளக்கத்தின் பளு இக்காலத்தில் ஏன் பெருகியது என்பதைக் காண்போம். அதற்குக் காரணம் ஒரு மாத்திரை.

மிசோப்ரொஸ்டோல் என்னும் மருந்து அமெரிக்கக் குழுமமொன்றால் இரைப்பைப் புண்ணுக்கெனச் செய்யப்பட்டது. 1986இல் பிரேசில் நாட்டு மருந்தகங்களுக்கு அது வந்தது. கருவுற்ற பெண்கள் உட்கொள்ளலாகாது என்ற எச்சரிக்கையைக் கண்ட அந்நாட்டுப் பெண்கள், எச்சரிக்கையிலிருந்தே அதன் மற்றொரு பயனை உய்த்துணர்ந்தனர். கருக்கலைப்புக் கடுமையாகத் தடுக்கப்பட்டிருந்த அந்நாட்டில் அச்செய்தி வாய்மொழியாகவே பரவியது. 1991 முதல் அரசு விற்பனையைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. இதே காலத்தில் பிரான்சு நாட்டில் மிபெப்ரிஸ்டோன் என்னும் மருந்து உருவாகி, 1988இல் அரசின் ஒப்புதலைப் பெற்றது. எதிர்ப்புக்கு அஞ்சி அதனைச் செய்த குழுமம் விற்பனையை நிறுத்த முற்பட்டபோது, அம்மருந்து பெண்களின் அறவுரிமைச் சொத்து என்று கூறி அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் குளோட் எவின் மீண்டும் விற்பனைக்கு விடச் செய்தார். இவ்விரு மருந்துகளையும் உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. சரியான அறிவுரையும் தரமான மருந்தும் வேண்டியபோது மருத்துவ உதவியும் கிட்டுமாயின், முதற் பன்னிரண்டு வாரங்களுள் இம்முறையைப் பெண் தானே கையாளலாம் என்று அந்நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகின்றது. மகப்பேற்றின் பின் நேரும் குருதிப்பெருக்கைத் தடுத்துத் தாயின் உயிரைக் காப்பதற்கும் மிசோப்ரொஸ்டோல் பயன்படுகின்றது என்பது ஈண்டு நினைத்தற்குரியது.

இம்மாத்திரை சட்டத்தின் எழுவாயையே மாற்றிவிட்டது. கருவியோடு வந்த அந்நியர் மறைந்துபோனார். செய்பவளும் செய்யப்படுபவளும் ஒருத்தியே ஆனாள். அருகிய நிலைக்கென எழுதப்பட்ட விளக்கம் பொதுநிலைக்குரிய விதியாயிற்று.

இன்னொன்றும் நிகழ்ந்தது, அதுவே இத்திறனாய்வின் மையம். மிசோப்ரொஸ்டோலை உட்கொண்ட பெண்ணுக்கு ஏற்படும் குறிகள், தானாகவே கரு கலையும் பெண்ணுக்கு ஏற்படும் குறிகளே: வயிற்று நோவு, குருதிப்போக்கு. இருவருக்கும் செய்யப்படும் சிகிச்சையும் ஒன்றே. வாய்வழி உட்கொண்டாளாயின், அவள் சொன்னாலன்றி, இது கலைந்ததோ கலைத்ததோ என்று மருத்துவர் துணிந்து கூற இயலாது. உடல் தன்வினை பிறவினை அறியாது. ஆகவே உடலிற் காணப்படாத ஓர் இலக்கண வேற்றுமையின்மீது ஒரு குற்றப்பிரிவு முழுவதும் நிற்கின்றது. குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டுமாயின், நோயாளியின் வாயிலிருந்தே அதனை வருவித்தல் வேண்டும். அல்லது அயலாரின் ஐயத்திலிருந்து வருவித்தல் வேண்டும்.

இதன் விளைவை எண்ணிப் பார்ப்போம். கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில், வாடகை அறையொன்றில் வாழும் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். மலையகத்திலிருந்து வேலைக்கு வந்தவள். தமிழ் மட்டும் அறிந்தவள். மூன்றாம் மாதத்தில் இரவில் குருதி போகின்றது. அவள் எம்மாத்திரையும் உட்கொள்ளவில்லை. விரும்பிய பிள்ளையே கலைகின்றது. வைத்தியசாலைக்குப் போகலாமா என்று பக்கத்து அறைப் பெண்ணைக் கேட்கின்றாள். "போனால் என்ன குடிச்சனீ எண்டு கேட்பினம், பொலிசுக்கும் சொல்லிப்போடுவினம்" என்று அவள் சொல்கின்றாள். அவ்வச்சம் உண்மை நடைமுறைக்கு எவ்வளவு பொருந்தும் என்பது வேறு வினா. கருக்கலைவுக்குப் பிந்திய பராமரிப்புப் பற்றி நம் சுகாதார அமைச்சு வழிகாட்டி வகுத்துள்ளது. எக்காரணத்தால் வந்தவளாயினும் சிகிச்சை அளிக்க வேண்டியது மருத்துவரின் கடமை. ஆயினும் வழிகாட்டி அலுவலகத்தில் இருக்கின்றது. அச்சமோ அறைக்குள் இருக்கின்றது. விடியும்வரை காத்திருந்த அந்நேரமே சிலரின் உயிரைக் கொண்டுபோகின்றது. குற்றம் செய்தவளை அச்சுறுத்த எழுந்த சட்டம், குற்றமே செய்யாதவளையும் வாசலில் தடுத்து நிறுத்துகின்றது.

இது வெறுங் கற்பனையன்று என்பதற்கு அயர்லாந்து சான்று. கருநாடகத்துப் பெளகாவியைச் சேர்ந்த பல் மருத்துவரான சவிதா ஹளப்பனவர் என்னும் இந்துப் பெண், 2012 ஒக்டோபரில் கால்வே நகர வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். அவர் வயிற்றிலிருந்த பதினேழு வாரக் கரு தானாகவே கலையத் தொடங்கியிருந்தது. பிழைக்க வழியில்லை என்பதும் தெரிந்திருந்தது. அதனை விரைந்து முடிக்குமாறு அவர் வேண்டினார். கருவின் நெஞ்சத்துடிப்பு நிற்கவில்லை என்பதனால் வேண்டுகோள் மறுக்கப்பட்டது. குருதியில் நச்சுக்கிருமி பரவி ஒக்டோபர் 28ஆம் நாள் அவர் இறந்தார். அவருக்கு நேர்ந்தது கலைதல். அதனைக் கலைத்தலாகச் சட்டம் கொண்டுவிடுமோ என்ற தயக்கமே மருத்துவர் கையைக் கட்டிப்போட்டது. 1983இல் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்ட அத்தடையை அயர்லாந்து மக்கள் 2018 மே 25ஆம் நாள் நூற்றுக்கு 66 பேருக்கு மேல் வாக்களித்து நீக்கினர்.

இங்கே காலி வீதியின் வேறொரு காட்சியையும் கூறல் வேண்டும். வெள்ளவத்தையில் கடலை நோக்கிய மாடிவீடொன்றில் இதே இடர் நேருமாயின் அது அமைதியாகத் தீர்ந்துவிடும். குடும்ப மருத்துவர் இருப்பார். அல்லது சென்னைக்கு விமானச்சீட்டு இருக்கும். அங்கே 1971ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் அதற்கு இடந்தருகின்றது. உற்றார் திருமணத்துக்குப் போய் வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். கொட்டாஞ்சேனைப் பெண்ணுக்குக் கிட்டுவது, உறையின்றி, அறிவுரைத் தாளின்றி, எத்தனை உட்கொள்வது என்ற தெளிவின்றி, மறைவில் விற்கப்படும் மாத்திரை. அது உண்மையான மருந்துதானா என்பதையும் அவள் அறியாள். ஒரே சட்டம், ஒரே நகரம். இடையே சில மைல் தூரம். இந்நாட்டில் நாளொன்றுக்கு அறுநூறுக்கு மேற்பட்ட கருக்கலைப்புகள் நிகழ்வதாக ஒரு மதிப்பீடு நெடுங்காலமாக எடுத்தாளப்பட்டு வருகின்றது. மறைவில் நிகழ்வதைத் துல்லியமாக எண்ண இயலாது. எண்ண இயலாமையே தடையின் முதற் பயன். ஆகவே நம் சட்டம் கருக்கலைப்பைத் தடுத்தது எனக் கூறுவதிலும், அதனை வசதியுடையோர்க்கு இரகசியமாகவும் வசதியற்றோர்க்கு இடராகவும் பங்கிட்டுக் கொடுத்தது எனக் கூறுவதே பொருந்தும்.

இதனைத் திருத்த முயற்சி நிகழாமல் இல்லை. 1995இல் நீதி அமைச்சராயிருந்த ஜி. எல். பீரிஸ் கொண்டுவந்த திருத்த மசோதாவில், வல்லுறவு, உறவுமுறை மீறிய புணர்ச்சி, கருவின் கடுங்குறைபாடு ஆகிய நிலைகளில் விலக்களிக்கும் வாசகம் இருந்தது. எதிர்ப்பு மிகவே அவ்வாசகம் மீட்டுக்கொள்ளப்பட்டது. எஞ்சியது 22ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. அவ்வாறு எஞ்சியதில் ஒரு முரண்பாடு தங்கிவிட்டது. சிறுமியின் இசைவு செல்லாதெனக் கொள்ளும் வயதைப் பன்னிரண்டிலிருந்து பதினாறாக உயர்த்தியது அச்சட்டம்; உறவினரால் நேரும் வன்கொடுமையைத் தனிக் குற்றமாக்கியதும் அதுவே. பதினைந்து வயதுச் சிறுமி அச்செயலுக்கு இசைய வல்லவள் அல்லள் என்றது சட்டம். அச்செயலின் விளைவைச் சுமக்க வல்லவளா என்ற வினாவை மட்டும் எடுத்துக் கீழே வைத்துவிட்டது. நீதியரசர் அலுவிகாரை தலைமையிலான குழுவின் பரிந்துரையின்பேரில் 2017இல் அமைச்சரவை இதனை மீண்டும் கையிலெடுத்தது. கத்தோலிக்க ஆயர் பேரவை வெளிப்படையாக எதிர்த்தது. பிற சமயத் தலைவர்களிடமிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. முயற்சி தேங்கிற்று. 303ஆம் பிரிவு இருந்தபடியே இருக்கின்றது.

கொட்டாஞ்சேனையிலே புனித லூசியா பேராலயத்தின் மணியோசையும் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலின் மணியோசையும் ஒரே காற்றில் வருகின்றன. கத்தோலிக்க அயலவரின் நம்பிக்கையை நாம் மதிக்கின்றோம்; அந்நம்பிக்கைப்படி வாழும் பெண்ணை எச்சட்டத்திருத்தமும் வேறுவிதமாக நடக்கக் கட்டாயப்படுத்தாது. ஒரு நம்பிக்கையை எல்லோருக்கும் உரிய குற்றவியல் விதியாக்கலாமா என்பதே வினா. நேபாளம் இந்து அரசாக இருந்த காலத்திலேயே, 2002இல், இதற்குச் சட்டத்தில் இடந்தந்தது. வங்காள தேசம் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றாமலே, 1979 முதல் 'மாதவிலக்குச் சீராக்கம்' என்ற பெயரால் அரசு மருத்துவ நிலையங்களில் தொடக்ககாலச் சிகிச்சையை அளித்துவருகின்றது. பொருள் மாறாதபோதும் சொல் மாறியதால் உயிர்கள் தப்பின. சொல்லின் வலிமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

எதிர்வாதங்களுள் இரண்டு கவனத்துக்குரியன. இடங்கொடுத்தால் பெண்சிசுக்களைத் தேர்ந்து அழிப்பார்கள் என்பது ஒன்று. தமிழ்நாட்டின் பட்டறிவு இவ்வச்சத்துக்குக் காரணம் தருகின்றது. பால் அறியும் சோதனையைத் தடுக்க இந்தியா 1994இல் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது. ஆயின் அவ்வச்சம் தவறான இடத்தையும் தாக்கியது. அதிகாரிகளின் கெடுபிடிக்கு அஞ்சித் தமிழ்நாட்டு மருந்தகங்கள் பல இம்மாத்திரைகளை வைத்திருக்கவே தயங்குவதாக ஆய்வுகள் காட்டின. மாத்திரை பயன்படும் தொடக்க வாரங்களிலே கருவின் பாலை வழக்கமான ஒலிவரைபடத்தால் அறிய முடியாது என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. சட்டம் இடந்தந்தும் மருந்து கிட்டாத நிலை அங்கே உண்டாயிற்று. இடந்தருதல் வேறு, கைக்கு எட்டச் செய்தல் வேறு என்பதற்கு அமெரிக்காவும் சான்று. அங்கே 2022 சூன் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கைவிட்டபின், போராட்டம் மாத்திரையைச் சூழ்ந்தது. மிபெப்ரிஸ்டோனுக்கு எதிரான வழக்கை, தொடுத்தோர்க்கு வழக்காடும் தகுதியில்லை என 2024 சூனில் அந்நீதிமன்றம் தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் லூசியானா மாநிலம் இரு மருந்துகளையும் கட்டுப்படுத்தப்பட்ட ஆபத்தான பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. குருதிப்பெருக்குக்குரிய மருந்தும் அதனோடு பூட்டுக்குள் சென்றது.

மற்றொரு வாதம், கருவும் ஓர் உயிர் என்பது. இதற்கு எளிய விடை இல்லை; உண்டெனப் பாசாங்கு செய்தல் நேர்மையாகாது. கருவின் கடுங்குறைபாட்டை ஒரு காரணமாகக் கொள்ளும்போது, குறையோடு பிறந்து நம்மிடையே வாழ்பவர்களைப் பற்றி நாம் என்ன கூறுகின்றோம் என்ற வினாவும் எழத்தான் செய்யும். இவ்வினாக்கள் அறவாழ்வுக்கு உரியன. ஒரு பெண் தன் மனச்சான்றோடும் மருத்துவரோடும் தான் நம்பும் கடவுளோடும் பேசித் தீர்க்க வேண்டியன. பொலிஸ் நிலையத்தின் குறிப்பேட்டில் அவற்றுக்கு விடை இல்லை என்பது மட்டும் உறுதி.

ஆகவே இத்திறனாய்வின் முடிவு அடக்கமானது. 304ஆம் பிரிவு நிற்கட்டும். கணவனோ பெற்றோரோ வேலை கொடுத்தவரோ பெண்ணின் விருப்பத்துக்கு மாறாகக் கருவைச் சிதைப்பின் அது கொடுங்குற்றமே. 303ஆம் பிரிவின் விலக்கு உயிரோடு நலத்தையும் தழுவட்டும். வல்லுறவுக்கு ஆளானவளையும் பதினாறு வயது நிரம்பாதவளையும் கைவிடாதிருக்கட்டும். மருந்து மறைவுச் சந்தையிலிருந்து மருத்துவரின் கைக்கு வரட்டும். அதனோடு வரும் அறிவுரைத் தாள் தமிழிலும் இருக்கட்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, அந்த ஒற்றை வரி விளக்கம் நீங்கட்டும். அது நீங்கினால், நள்ளிரவில் குருதியோடு வாசலுக்கு வரும் பெண்ணிடம் கலைந்ததா கலைத்ததா என்று எவரும் கேட்க வேண்டிய தேவை இராது. நோகின்றதா என்று கேட்டால் போதும்.

அவ்வேறுபாட்டை அறிய வேண்டிய இடம் இலக்கண வகுப்பு. அங்கே அதனை நாம் தொடர்ந்து கற்பிப்போம்.